தெருமுனை வரை கேட்கிற ஜெனரேட்டர்

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை எதுவும் ஆகாது. ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் தைரியமாகத் தலையாட்டினேன். மூன்றாவதற்குத் தலையாட்டும்போதே எங்கள் ஊர்க் கரண்ட் ஞாபகம் வந்து தலை பாதியில் நின்றது.

எங்கள் ஊர் படாளத்துக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் கரண்ட் போகும். காற்றடித்தால் போகும். இரண்டும் இல்லாத நாளில், எங்கே நாம் மறந்துவிடப் போகிறோமோ என்று ஒரு மணி நேரம் போய்விட்டு வரும். அந்த ஆக்சிஜன் மெஷின் அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக அம்மாவுக்குத் தருவது. கரண்ட் இல்லையென்றால் அது துணி மடித்து வைக்கக்கூட உதவாத பெட்டி. வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது, அது இன்னும் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் அம்மாவை வண்டியில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓட வேண்டும். அப்போது ஐப்பசி. கார்த்திகையில் எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷங்கள் உண்டு.

ஆக, ஒரு ஜெனரேட்டர் வாங்க வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். வீட்டில் நைனா இருப்பதை மறந்துவிட்டேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ரிட்டயர்டு லைன்மேன். அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கரண்ட் போஸ்ட் நடக் குழி தோண்டும் கூலியாக வேலைக்குப் போய், பிறகு அந்தப் போஸ்டிலேயே ஏறும் ஆளாக ஆனவர். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் கரண்ட் போனால் பாதி ஊர் அவருக்குத்தான் போன் போடும். மின்விசிறி நிற்கிற விதத்தை வைத்தே காரணம் சொல்லுவார். "பட்டுனு நின்னுச்சுன்னா பீஸு போயிகீது. மினுக்கி மினுக்கி நின்னா எங்கியோ மரம் சாஞ்சிகீது." பத்து நிமிஷத்தில் வரும் என்று அவர் சொன்னால் வரும், அல்லது வராது. வராவிட்டால் இப்போது இருக்கிற பசங்களுக்கு வேலை தெரியவில்லை என்பார்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அதெல்லாம் வாணாம்."

"அம்மா மெஷினு நின்னா இன்னா பண்றது?"

"நிக்காது. நான் பாத்துக்கறேன்."

"எப்டிப் பாத்துப்ப? கரண்ட வாயால ஊதி அனுப்புவியா?"

மோர் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் விளக்கு எரிய வைத்த மனுஷன், தன் வீட்டு வாசலில் ஒரு ஜெனரேட்டர் நிற்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார். ஆம்பிளைகளின் கௌரவத்தில் எனக்கு எப்போதுமே பெரிதாக மரியாதை கிடையாது. அன்றைக்கு இருந்ததும் போய்விட்டது.

அடுத்த வாரமே ஒரு மத்தியானம் கரண்ட் போனது. நைனா மின்விசிறியைப் பார்த்துவிட்டு "பீஸு, பத்து நிமிசம்" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து இன்வெர்ட்டர் கத்தி ஓய்ந்தது. சிலிண்டரைத் திறக்கிற சாவி வைத்த இடத்தில் இல்லை. நான் அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி மூச்சுக்குத் திணறுகிறாள், உதடு நிறம் மாறிக்கொண்டு வருகிறது. சாவி பூஜை அலமாரி மாதிரி நாங்கள் வைத்திருக்கும் செப அலமாரியில், பைபிளுக்குப் பின்னால் இருந்தது. அங்கே வைத்தது அம்மாவேதான், தொலையாமல் இருக்கட்டும் என்று. சிலிண்டரை நைனா திறந்தார். நான் பயந்து அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவராகவே வந்து சொன்னார்.

"வாங்கு. ஆனா எத்த வாங்கறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

எனக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்டிலிருந்தே. மற்றவர்கள் ராத்திரி பகலாக எழுதியதை எப்படிக் கவிழ்க்கலாம் என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்டவளிடம் ஜெனரேட்டர் வாங்கும் பொறுப்பு வந்தால் என்ன ஆகும். எக்ஸெல் ஷீட் திறந்தேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறதா, ஒரு டேங்க் பெட்ரோலில் எவ்வளவு நேரம் ஓடுகிறது, வோல்டேஜ் ஆடுகிறதா, எவ்வளவு சத்தம். சத்தத்துக்கு மட்டும் பத்தி முழுக்கச் சிவப்பு அடித்து வைத்தேன், ஏனென்றால் எனக்கு வீட்டிலிருந்து மீட்டிங் இருக்கிறது, அம்மாவுக்குத் தூக்கம் இருக்கிறது.

என் மனதில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரமாக ஆபீஸ் தோழி ஒருத்தியின் ரிசப்ஷன் நடந்தபோது அதைப் பார்த்தேன். பாட்டு ஓடுகிறது, சீரியல் லைட் எரிகிறது, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் மணலில் ஒரு சூட்கேஸ் உட்கார்ந்திருந்தது. அதுதான் ஜெனரேட்டர். பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் ஓடுவது தெரிந்தது. அலைச் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பிரியாணியை விட்டுவிட்டு அதை வாடகைக்கு விடுகிற ஆளிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

நைனா இதை ஏற்கவில்லை. அச்சரப்பாக்கத்தில் மோட்டார் பம்பு, ஜெனரேட்டர் விற்கிற பாய் ஒருவர் அவருக்குப் பழக்கம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாய் பொறுமையான மனுஷர். ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். நைனா எஞ்சினைப் பார்க்கவில்லை, வயரைப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ரோட்டு முனைல நின்னா கேக்குமா?"

"கேக்கவே கேக்காது அண்ணாத்த. வூட்டு வாசல் தாண்டாது" என்றார் பாய், பெருமையாக.

நைனா அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். அங்கேயும் அதே கேள்வி. பாய் இன்னும் பெருமையாக, இது அடுத்த ரூமிலேயே கேட்காது என்றார். நைனாவின் முகம் தொங்கிப்போனது. பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கடையின் பின்பக்கத்தில், பாய் தன் கடைக்கே வைத்திருந்த பழைய மெஷின் ஒன்று ஓடியது. கடை ஷட்டர் சேர்ந்து ஆடியது. நைனா முதல் முறையாகச் சிரித்தார்.

"இத்த குடுப்பியா?"

"அண்ணாத்த, அது இடி மெஷினு. பேஜாரு புடிச்சது. வித்தா என்னத் திட்டுவீங்க."

நான் நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தேன். சனிக்கிழமை காலை எல்லா மெஷினும் எங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். பாயின் பழையது ஒன்று, பாயின் புதுசு ஒன்று, கடற்கரை சூட்கேஸ் ஒன்று. முறையாகப் பரீட்சை வைத்து, மார்க் போட்டு, ஜெயித்ததை வாங்குவது. நைனா சரி என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பாய் குட்டி யானை வண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கடற்கரைப் பையன், பையன் என்றால் முப்பது வயது இருக்கும், கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு காரில் வந்தான். நான் கையில் லேப்டாப்பும், போனில் சத்தம் அளக்கும் ஆப்புமாக நின்றேன். முதலில் சும்மா இருக்கும் வாசலை அளந்தேன். எதிர் வீட்டுச் சேவல் கூவியது எழுபது டெசிபல். நைனா தொண்டையைக் கனைத்தது எழுபத்தெட்டு.

சூட்கேஸ் பட்டனை அழுத்தியதும் ஓடியது. ஐம்பத்தாறு. எங்கள் மிக்சியை அதனிடம் டியூஷன் படிக்க அனுப்பலாம். ஆனால் பத்து நிமிஷத்தில் தானாக நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. "மேடம், உங்க வாசல் ஸ்லோப்பா இருக்கு. இது லெவலா இருந்தாதான் ஓடும், ரொம்ப சென்சிட்டிவ்" என்றான் பையன். பலகை வைத்து மட்டம் பார்த்தோம். மறுபடி ஓடியது. பாயின் புதுசு மூன்றாவது இழுப்பில் எழுந்தது, எழுபத்திரண்டு காட்டியது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே இருமியது. அம்மா வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்தாள். ஒவ்வொரு மெஷின் ஓடும்போதும் அவளிடம் போய் "எப்டி கீது?" என்று கேட்டு அவளுடைய மார்க்கையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

பிறகு பாய் பழையதன் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. தொண்ணூற்றிநாலு. எதிர் வீட்டுச் சேவல் ஓடியது. நான் டெஸ்டர், சும்மா விடுவேனா, நிறுத்தி நிறுத்தி இருபது முறை இழுக்கச் சொன்னேன். இருபது முறையும் முதல் இழுப்பிலேயே எழுந்தது. பாய் வியர்த்துப்போய், கார்பரேட்டரைப் பார்ப்பதற்காகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்து நின்றார். கறுப்பு டீ-ஷர்ட் பையன் காதைப் பொத்துவது மரியாதை இல்லை என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். நைனா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் ஜெனரேட்டர் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று கல்யாணம். கல்யாணம் என்றால் பந்தலும், தெருமுனையில் பேனரும் இருக்கும். பேனர் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடினால், உள்ளே ஐஸ் பெட்டி வந்திருக்கிறது, அதில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

நாங்கள் இருபதாவது இழுப்பில் இருந்தபோது எதிர் வீட்டு அக்கா மாலையோடு வந்தாள். அவள் பின்னால் சர்ச் மாதர் சங்கத்தில் ஏழெட்டுப் பேர், கையில் பாட்டுப் புத்தகம். வாசலில் தலை குனிந்த பாயும், கை கட்டிய கறுப்புச் சட்டையும், எங்கோ வெறித்த நைனாவும் நிற்பதைப் பார்த்ததும் அவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. மெஷின் சத்தத்தில் நான் கத்தியது ஒருவருக்கும் விழவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, நேராக உள்ளே போய், கட்டிலில் அம்மாவின் காலில் விழுந்தாள்.

"யக்கா, என்ன வுட்டுப் போயிட்டியே யக்கா..."

அம்மா காலை இழுத்துக்கொண்டாள். "இன்னாடி, காலங்காத்தால" என்றாள்.

அக்கா கிட்டத்தட்ட ஐஸ் பெட்டிக்குப் போய்விட்டு வந்தாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். விஷயம் புரிந்ததும் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள்.

"சங்கத்துல இருபத்திரண்டு பேரு கீறோம். எட்டுப் பேருதான் வந்துகீறீங்க?"

மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வருவதாகத்தான் இருந்தது என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள். எந்தப் பாட்டைப் பாடுவதாக இருந்தீர்கள் என்று அம்மா கேட்டாள். சொன்னார்கள். அந்தப் பாட்டு தனக்குப் பிடிக்காது என்றும், வேறு இரண்டு பாட்டை இப்போதே குறித்துக்கொள்ளும்படியும் சொன்னாள். மாலையைத் திருப்பி எடுத்துப் போவது நன்றாக இல்லை என்று செப அலமாரிக்கு மேல் போட்டார்கள். எட்டுப் பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

பரீட்சை அதோடு முடிந்தது. அம்மா உட்பட எல்லோருடைய மார்க்கையும் கூட்டினால் சூட்கேஸ் முதலிடம். மட்டப் பலகை ஒன்று வைத்தால் அதற்கு நிகர் கிடையாது. நைனா லேப்டாப்பைப் பார்க்கக்கூட இல்லை. பழையதன் மேல் கை வைத்தார்.

"இதான்."

எனக்கு வந்த கோபத்தில் பாயும் பையனும் நிற்பதையே மறந்துவிட்டேன். "மூச்சுக்குத் தவிக்கற பொம்பள தலைமாட்டுல இத்தப் போட்டு ஓட்டுவியா நைனா? எதுக்கோசரம்? சத்தம் போட்டாதான் கரண்டுன்னு நெனப்பா?" என்று கேட்டேன்.

"சத்தம் இருக்கணும். அவ்ளோதான்."

காரணம் கேட்டேன். மறுபடி கேட்டேன். வெற்றிலை வாங்கப் போய்விட்டார். அம்மாதான் என்னை உள்ளே கூப்பிட்டாள். "வுடு. கட்னதுலேர்ந்து எனக்குத் தெரிஞ்சி அவரு எதுக்கும் அடம் புடிச்சதில்ல. இது ஒண்ணுக்குத்தான் புடிக்கறாரு. நான் காதுல பஞ்சு வச்சிக்கறேன்" என்றாள். அந்தச் சத்தத்தில் படுக்கப் போகிறவளே சொன்ன பிறகு நான் என்ன செய்வது. சூட்கேஸ் காரில் ஏறி மாமல்லபுரம் பக்கம் போனது. அது போவதை நான் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அடங்கவில்லை. முட்டைக் கடையில் காலி அட்டைகளை வாங்கி, பிளைவுட் பெட்டி ஒன்றின் உட்பக்கம் முழுக்க ஒட்டி, மெஷினுக்கு ஒரு கூண்டு செய்தேன். இன்டர்நெட்டில் பார்த்ததுதான். புகை போக ஓட்டை, காற்று வர ஓட்டை எல்லாம் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்தேன். சத்தம் எண்பதுக்கு இறங்கியது. மறுநாள் ஆபீஸ் போய்விட்டு வந்து பார்த்தால் கூண்டு கோழிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. முட்டை அட்டைகளைப் பிய்த்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார் நைனா. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் மெஷினை இணைப்பதில் அவர் காட்டிய சிரத்தையை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. கைப்பிடி வைத்த பெரிய சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் தானே பொருத்தினார். கைப்பிடி மேலே இருந்தால் வெளிக் கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர், இரண்டும் சேராது. வோல்டேஜ் ஆடாமலிருக்க ஸ்டெபிலைசர் வைத்தார். பிறகு எனக்கு டிரில். முதலில் கைப்பிடியைக் கீழே இறக்கு. பிறகு மெயின் போர்டிலிருந்து இரண்டு ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கு. பிடுங்கிய கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள், வேறு எங்கேயும் வைக்காதே. அதற்குப் பிறகுதான் கயிற்றை இழு.

"சேஞ்ச் ஓவர் போட்டப்புறம் பீஸ் கட்டையை எதுக்கு நைனா புடுங்கணும்? ரெண்டும் ஒரே வேலதான?"

"புடுங்கு."

கார்த்திகையில், நான் பயந்தபடியே, புயல் காற்று வந்தது. காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் புளியமரக் கிளை ஒன்று லைன் மேல் சாய்ந்தது. மின்விசிறி மினுக்கி மினுக்கி நின்றது, நைனா அண்ணாந்து பார்க்கவே இல்லை. கைப்பிடியை இறக்கினார், கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டார், கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தையும் மீறி மெஷின் கர்ஜித்தது. உள்ளே ஆக்சிஜன் மெஷின் ஒரு முறை கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது. அம்மா காதில் பஞ்சோடு சிரித்தாள். அந்தக் கணத்தில் நான் அந்தச் சனியனை மன்னித்துவிட்டேன். நைனாவை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் மழையில் நனைந்துகொண்டே தெரு முழுக்க ஒவ்வொரு வீடாக நடந்துவிட்டு வந்தார். யார் வீட்டிலும் இல்லாத மெஷின் நம் வீட்டில் இருக்கிறது என்று பெருமை பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குள் எங்கள் கூடத்தில் பதினான்கு போன்கள் சார்ஜ் ஏறின. தினமும் சத்தத்தைப் பற்றிச் சண்டை போட்ட எதிர் வீட்டு அக்கா மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து தேங்காய்ச் சட்னி அரைத்தாள். இவ்வளவு நல்ல மெஷினை எங்கே பிடித்தீர்கள் என்று வேறு கேட்டாள்.

இரண்டு மணி வாக்கில் லைன்மேன் வந்தார். மழைக்கோட்டு, தோளில் கயிறு, பின்னால் ஏணியோடு ஓர் ஆள். நேராகப் போஸ்டுக்குப் போவார் என்று பார்த்தால், தெருமுனையில் நின்று தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாத்த, உங்க வூட்லதான ஓடுது?"

நைனா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய இரண்டு ஃபியூஸ் கட்டைகளை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் அதை எதிர்பார்த்தவர் போல வாங்கித் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

"வேற எங்கியாச்சும்?"

"இல்லப்பா. ஒவ்வொரு வூடா பாத்துட்டேன்."

எங்கள் கட்டையை எதற்கு எடுத்துப் போகிறீர்கள் என்று நான் லைன்மேனைக் கேட்டேன். "நான் மேல கீறப்ப யாராச்சும் கட்டைய தெரியாம சொருவிட்டு, சேஞ்ச் ஓவரும் மக்கர் பண்ணா, உங்க மெஷினு கரண்டு போஸ்டுக்கு வந்துரும்க்கா. லைனு செத்துகீதுன்னு நான் கைய வப்பேன்" என்றார். "இப்பல்லாம் சில வூட்ல சத்தமே இல்லாம ஓடுது, ஓடறதே தெரியல. இத்த மாரி இருந்தா ரோட்லயே தெரிஞ்சிபூடும்." சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தப் போனார்.

நான் வாசலில் நின்றேன். சூட்கேஸ், முட்டை அட்டை, நான்கு நாள் பேசாமலிருந்தது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து, வெட்கத்தில் முகம் எரிந்தது. நைனா மெஷினுக்குப் பக்கத்தில், போஸ்ட் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றிருந்தார். குடையோடு அவரிடம் போனேன்.

"இதுக்குத்தானா நைனா?"

அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். போஸ்டில் ஏறுகிற ஆளை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவரும் கத்தினார். அவரும் இன்னொருவரும் ஒன்றாகக் குழி தோண்டப் போனவர்களாம். ஒரே நாளில் வேலை நிரந்தரமானவர்களாம். நான் பிறப்பதற்கு முன்னால், இதே மாதிரி மழையில் ஒரு பெரிய வீட்டுக்கு எதிர்ப் போஸ்டில் வேலை. அந்த வீட்டில் பின்பக்கம், சிமென்ட் ரூமுக்குள் பூட்டி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததாம். வெளியே ஒரு சத்தமும் இல்லை. டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட்டு வந்தது நைனா. கீழே நின்றது நைனா. எங்களிடம் இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. இப்போது ஒவ்வொரு வார்த்தையாக, மெஷினுக்கு மேல் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

போஸ்டில் இருந்தவர் இறங்கி, ஏணியை எடுத்துக்கொண்டு, டிரான்ஸ்பார்மர் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு டியூப் லைட் எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது, கட்டை திரும்பி வரும்வரை அம்மாவை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நான் குனிந்து மெஷினை நிறுத்தினேன். மழையும் அதற்குள் விட்டிருந்தது. நைனா மெஷின் நின்றதைக் கவனிக்கவில்லை. கண் இன்னும் அந்தப் போஸ்டிலேயே இருந்தது. அதே குரலில் கத்தி முடித்தார்.

"அவன் கேட்டான்மா. ஏறலாமாடான்னு கேட்டான். ஒரு சத்தமும் இல்ல, ஏறுடான்னு நான்தான் சொன்னேன்."

தெரு முழுக்கக் கேட்டது. மிக்சியைத் திருப்பி எடுத்துப் போக வந்த எதிர் வீட்டு அக்கா அதைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். உள்ளே அம்மா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நைனா அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தார்.

வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் லைன்மேன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பேன்ட் பையிலிருந்து இரண்டு ஃபியூஸ் கட்டைகளையும் எடுத்து, கவரைப் பிரித்து, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நைனாவின் உள்ளங்கையில் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"நான் எறங்கிட்டேன் அண்ணாத்த" என்றார்.